ஒரு மணிக்குத் திரும்புவதாகத்தான் பேச்சு

லோன் பைன் ஊரில் நாங்கள் தங்கிய விடுதி அறையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த குறிப்புத்தாள் ஒன்றைக் கிழித்து அதில் ‘1 மணி’ என்று எழுதினேன். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு எங்கே நின்றுகொண்டிருந்தாலும், உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும், மறுபேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும். பெரிய மலை ஏறுகிறவர்கள் முன்கூட்டியே இப்படி ஒரு நேரம் குறித்துக்கொள்வது வழக்கம். “வாய்ப்பேச்செல்லாம் ஆகாது மாப்ள, கையெழுத்துப் போடு” என்றான் நண்பன். போட்டேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான். கல்லூரி விடுதியில் எனக்குக் கடன் கொடுத்து ஏமாந்தவன் அவன்.

நாங்கள் ஏறப்போனது விட்னி மலை. கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கிறது. உயரம் 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் இதைவிட உயரமான மலை கிடையாது. கயிறோ கொக்கியோ தேவையில்லை. உச்சிவரை ஒழுங்கான நடைபாதை உண்டு. போக 11 மைல், வர 11 மைல். ஏற்றம் மட்டும் 6,100 அடிக்கு மேல். கூடாரம் போட்டு இரண்டு மூன்று நாளில் நிதானமாகப் போய்வருகிறவர்கள் புத்திசாலிகள். ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களில் நாளுக்கு 100 பேருக்குத்தான் அனுமதி, அதற்கும் குலுக்கல். எங்களுக்கு விழுந்தது செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள். கல்யாண முகூர்த்தம் மாதிரிதான்: தலைவலி காய்ச்சல் என்று தள்ளிப்போட முடியாது.

விழுந்த நாள் நல்ல நாள் என்றுதான் சொல்ல வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் திரளும் இடிமழை இலையுதிர் காலத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். குளிர்காலப் பனி இன்னும் விழுந்திருக்காது. பகல்தான் குறைச்சல். மாலை ஆறே முக்காலுக்குள் சூரியன் போய்விடும்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நாலு மணி நேரக் கார்ப் பயணம். மொஹாவி பாலைவனத்தைக் கடந்து 395-ம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் இடப்பக்கம் மலைச்சுவர் எழத் தொடங்கும். வலப்பக்கம் ஓவன்ஸ் ஏரி என்று வரைபடம் சொல்லும் இடத்தில் பெரும்பகுதி உப்புத் தரைதான். இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றை 1913-ல் கால்வாய் வெட்டி லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திருப்பினார்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏரி வற்றிவிட்டது. நண்பன் அந்த நகரத்தில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறான். “உன் வீட்டுக் குழாயில் வர்ற தண்ணியில இதுவும் ஒரு பங்கு” என்றேன். அவன் கையிலிருந்த பாட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைத்தான்.

லோன் பைனுக்கும் மலைக்கும் நடுவே அலபாமா குன்றுகள் என்று உருண்டைப் பாறைகள் குவிந்த வெளி ஒன்று இருக்கிறது. ஹாலிவுட்காரர்கள் குதிரைச் சண்டைப் படங்களை ஏராளமாக எடுத்த இடம். 1939-ல் வந்த ‘குங்கா டின்’ படத்துக்கு இந்தியாவின் வடமேற்கு எல்லை இதுதான். இந்தியா போக வேண்டிய செலவை நாலு மணி நேரக் கார்ப் பயணத்தில் முடித்துவிட்டார்கள். அங்கே சாயங்காலம் காரை நிறுத்தி மலையைப் பார்த்தோம். விட்னி நடுவில் இருக்கிறது; ஆனால் முன்னால் நிற்கும் வேறொரு முகடுதான் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது. இந்த மயக்கம் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. கிளாரன்ஸ் கிங் என்ற நில ஆய்வாளர் 1864-ல் தன் குழுத் தலைவர் ஜோசையா விட்னியின் பெயரை இதற்கு வைத்தவர்களில் ஒருவர். 1871-ல் மேகமூட்டத்தில் ஏறி, விட்னியை வென்றுவிட்டதாகவே எழுதினார். அவர் ஏறியது தெற்கே இருக்கும் இன்னொரு மலை. தப்பு தெரிந்து 1873 செப்டம்பரில் சரியான மலைக்கு அவர் வந்து சேர்வதற்குள், ஆகஸ்ட் 18-ம் தேதியே உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர், மீன்பிடிக்க மலைப்பக்கம் போயிருந்தவர்கள், மேலே ஏறிவிட்டிருந்தார்கள். கிங் தவறி ஏறிய மலைக்கு இன்று லாங்லி என்று பெயர். அந்த லாங்லி யாரென்றால், சூரிய வெப்பத்தை அளக்க 1881-ல் விட்னிக்கு வந்த விஞ்ஞானி. பெயர் விஷயத்தில் இந்த இரண்டு மலைகளும் கடைசிவரை ஒன்றையொன்று விடவில்லை.

அனுமதிச் சீட்டோடு ஆளுக்கு ஒரு பையும் கொடுத்தார்கள். மேலே கழிப்பறை கிடையாது. முன்பு இருந்தவற்றையும் எடுத்துவிட்டார்கள். வயிற்றுக் கடன் வந்தால் இந்தப் பையில் முடித்து, கட்டி, முதுகில் சுமந்து கீழே கொண்டுவர வேண்டும். பாறை மலை, புதைக்க மண் இல்லை, ஓடுகிற தண்ணீரைத்தான் எல்லோரும் குடிக்கிறோம். நண்பன் கோயம்புத்தூர்க்காரன். வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூன்று தடவை ஏறியவன் என்ற பெருமை அவனுக்கு எப்போதும் உண்டு. “இத நம்மூர் மலையிலயும் குடுத்தா எப்படிடா இருக்கும்?” என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஏறும் எந்த மலைக்கும் இதைவிட நல்ல சட்டம் இருக்க முடியாது.

இரவு இரண்டரை மணிக்கு விட்னி போர்ட்டலில் காரை நிறுத்தினோம். சாலை முடிகிற இடம் அது. உயரம் 8,374 அடி. தொட்டபெட்டா உச்சிக்கு 300 அடிபோலத்தான் குறைவு. அதாவது, தமிழ்நாட்டின் உயரமான மலை முடிகிற இடத்தில் இங்கே நடையே ஆரம்பம். காருக்குள் தின்பண்டம் வாசனை வந்தாலே கரடி கதவைப் பெயர்த்துவிடும் என்பதால், அங்கே இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். நண்பனின் மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதத்தையும், வறுத்த அப்பளத்தையும், பல் துலக்கும் பசையையும்கூட அதில் வைத்துத் தாழ்போட்டோம். இறங்கி வந்ததும் சாப்பிட. அந்தப் புளிசாதத்தை அன்று முழுக்க நான் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மூன்று மணிக்கு நடை தொடங்கியது. இருட்டில் மலை ஏறுவதில் ஒரு சௌகரியம்: எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது. நெற்றியில் கட்டிய டார்ச் காட்டும் ஆறடி வட்டம்தான் உலகம். பைன் மர வாசனை, ஓடைச் சத்தம், முன்னால் போகிறவனின் குதிகால். ஓடையைக் கடக்க மரங்களைச் சீவிப் பலகையாக்கித் தண்ணீருக்கு மேலே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பகலில் குழந்தைகூட நடந்து போகும். அந்த வெளிச்சத்தில் நான் பக்கவாட்டில் நண்டு மாதிரி போனேன். எங்களுக்கு மேலேயும் கீழேயும் வேறு ஆட்களின் டார்ச்சுகள் வளைந்து வளைந்து நகர்ந்தன. “கார்த்திகை தீபம்டா” என்றான் அவன். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அவுட்போஸ்ட் முகாம் என்ற சமதரையை ஐந்தரைக்குத் தாண்டினோம். வெளுக்க ஆரம்பித்தபோது பாதையோர வில்லோ புதர்கள் மஞ்சளாகியிருந்தது தெரிந்தது. இலையுதிர் காலம் என்றால் சிவப்பும் ஆரஞ்சுமாகக் காடு எரிவதுபோல இருக்கும் என்று வட அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பார்த்தவர்கள் நினைப்பார்கள். இந்த மலையில் அது கிடையாது. இடுப்பளவுப் புதரில் பழுத்த மஞ்சள், புல்லின் நுனியில் துரு நிறம், ஓரத்துத் தண்ணீரில் கண்ணாடிச் சில்லு போல மெல்லிய பனிக்கட்டி. அதற்கு மேலே மரமே இல்லை. ஆனால் சூரியன் எழுந்தபோது, எங்களுக்கு எதிரே நின்ற கிழக்குமுகப் பாறை முழுவதும், மேலிருந்து கீழாக, யாரோ ஊற்றுவதுபோலச் செம்பு நிறமாகிக்கொண்டே வந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு சாதாரணச் சாம்பல் நிறப் பாறையாகிவிட்டது. கைகள் விறைத்திருந்ததால் நான் புகைப்படம் எடுக்கவில்லை. எடுத்தவன் அவன், அதில் பாதிப் படத்தை அவன் விரல் மறைக்கிறது.

எட்டு மணிக்கு டிரெயில் முகாம். 12,000 அடி, ஆறே கால் மைல் முடிந்திருந்தது. கூடாரங்களுக்கு நடுவே மார்மட்கள் அலைந்தன. பூனை அளவில் கொழுத்த மலை அணில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுக்கத் தூங்கப்போகிற பிராணிகள். தூங்குமுன் கிடைத்ததையெல்லாம் தின்கின்றன. ஒருவர் தன் பையைத் தரையில் வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனார். திரும்பி வருவதற்குள் பையின் பட்டையைக் கடித்துவிட்டது ஒன்று, வியர்வை உப்புக்காக. நாங்கள் குளத்துத் தண்ணீரை வடிகட்டி நிரப்பிக்கொண்டு, கடலைமிட்டாய் தின்றோம். அப்போதுதான் என் பொட்டில் வலி தொடங்கியிருந்தது.

அந்த வலிக்கு நாங்களே பொறுப்பு. முதல் நாள் இரவு 3,700 அடி உயரத்து ஊரில், மெத்தையில் படுத்தோம். பக்கத்திலேயே ஹார்ஸ்ஷூ மெடோஸ் என்று 10,000 அடியில் முகாம் இடம் இருக்கிறது. ஒரு நாளோ இரண்டு நாளோ அங்கே படுத்து உடம்பைப் பழக்கிக்கொண்டு வருவதுதான் முறை. படித்திருந்தோம். வெந்நீர்க் குளியல் வேண்டும் என்று விடுதிக்குப் போனோம். விட்னி உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்தக் கணக்குத்தான். தலைவலி, குமட்டல், நடை தள்ளாடுவது எல்லாம் உடம்பு விடுகிற நோட்டீஸ். அலட்சியப்படுத்தினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். அதற்கு முதல் மருந்து, கீழே இறங்குவது.

முகாமுக்கு மேலேதான் இந்தப் பாதையின் பெயர்போன பகுதி: கொண்டை ஊசி வளைவுகள். 97 என்கிறார்கள் சிலர், 99 என்கிறார்கள் சிலர். கொல்லிமலைக்கு 70 வளைவு, அதற்கே பஸ்ஸில் எலுமிச்சம்பழம் மோந்துகொண்டு போகிறோம். இங்கே 99-ஐயும் காலால் எடுக்க வேண்டும். “நான் எண்றேன், நீ சும்மா வா” என்றான் நண்பன். நடுவில் பாறைச்சுவரோடு ஒட்டிய இடத்தில் இரும்புக் கம்பிவடம் கட்டிய வேலி இருக்கிறது. அங்கே பாறையிலிருந்து கசியும் தண்ணீர் இரவில் உறைந்து, பாதையில் வழுக்குக் கண்ணாடியாகக் கிடந்தது. வடத்தைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை முழுதாக ஊன்றி, ஒவ்வொரு அடியாக வைத்தோம். அந்த முப்பது அடியைத் தாண்டியதும் நண்பன் நின்று, “எத்தனைடா சொன்னேன் கடைசியா?” என்றான். அவன் 41 என்றது என் ஞாபகம். அவன் 61 என்றான். அதோடு எண்ணிக்கை முடிந்தது, வளைவுகள் முடியவில்லை. இருபது அடி நடப்பது, நிற்பது. பத்து அடி நடப்பது, நிற்பது.

பதினொன்றே காலுக்கு டிரெயில் கிரெஸ்ட். 13,600 அடிக்கு மேல், மலையின் முதுகெலும்பு மேல் நிற்கிறோம். மறுபக்கம் செக்கோயா தேசியப் பூங்கா; கீழே கிட்டார் ஏரி, பெயருக்கேற்ற வடிவத்தில், நீலமாக. காற்று திடீரென்று திசை மாறி முகத்தில் அடித்தது. இங்கேதான் மலை ஒரு அற்ப வேலை செய்கிறது. உச்சிக்குப் போகிற பாதை இந்த இடத்திலிருந்து கீழே இறங்குகிறது. உயிரைக் கொடுத்து ஏறிய உயரத்தில் சுமார் 150 அடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். இறங்கும்போதே தெரிகிறது, திரும்பி வரும்போது இதை ஏறியாக வேண்டும் என்று.

கடைசி இரண்டு மைலில் பாதை, ஊசிமுனைப் பாறைகளுக்குப் பின்னால் வளைந்து போகிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஜன்னல் திறந்ததுபோல இடைவெளி வரும்; கிழக்கே பல ஆயிரம் அடி நேராகக் கீழே. அந்த ஊசிகளில் ஒன்றின் பெயர் குரூக்ஸ் சிகரம். ஹல்டா குரூக்ஸ் என்ற பாட்டியின் பெயர் அது. அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகுதான் விட்னி ஏற ஆரம்பித்தார். 91 வயது வரை 23 முறை ஏறினார். இதை நான் மூச்சு வாங்கிக்கொண்டே நண்பனுக்குச் சொன்னேன். “அந்தப் பாட்டி கிட்ட சொல்லு, எனக்கு நாப்பத்தேழுதான் ஆகுது, இன்னும் டைம் இருக்குன்னு” என்றான். சிரித்தான் என்றுதான் நினைத்தேன். அவன் உதடு சாம்பல் பூத்திருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

கடைசிச் சரிவில் பெரிய பெரிய கற்களுக்கு நடுவே நின்றபோது அவன் கைக்கடிகாரம் ஒலித்தது. ஒரு மணி. பொத்தானைக் கழற்றி, தாளை எடுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஒன்றும் பேசவில்லை.

“இருபது நிமிஷம்டா. மேல பாரு, உச்சிக் குடிலோட கூரை தெரியுது.”

“கையெழுத்து யாரோடது?”

“வெயில் நல்லா இருக்கு. மேகம் இல்ல. இவ்வளவு தூரம் வந்துட்டு…”

அவன் தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தான். கோபத்தில் நடந்தான். எனக்கு அது சம்மதமாகப் பட்டது.

இயற்கை எழுத்தாளர் ஜான் ம்யூர் கதை எனக்கு அப்போது தெரியும். 1873 அக்டோபரில் இந்த மலையில் ஏறும்போது இருட்டிவிட்டது அவருக்கு. விறைத்துச் சாகாமல் இருக்க ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் உச்சிக்குப் போகவில்லை. பசியும் பலவீனமுமாகக் கீழே இறங்கிவிட்டார். சாப்பிட்டு, தூங்கி, வேறொரு வழியாக வந்து அக்டோபர் 21-ல் ஏறினார். இதை வழியில் நான் நண்பனுக்குச் சொல்லாமல் விட்டது தற்செயல் இல்லை. சொல்லியிருந்தால் ஒரு மணிக்கு அதைத்தான் எடுத்து என் மேல் வீசியிருப்பான்.

ஒன்று இருபதுக்கு உச்சி. பரந்த, சற்றே சாய்ந்த கல்வெளி; நடுவில் கல்லால் கட்டிய ஒரு குடில். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1909-ல் விஞ்ஞானிகள் தங்குவதற்காகக் கட்டியது. அந்த ஆண்டே வானியலாளர்கள் இங்கே தொலைநோக்கியைக் கொண்டுவந்து செவ்வாய்க் கிரகத்தில் நீராவி இருக்கிறதா என்று பார்த்தார்கள். மேலே போகப்போகப் பூமியின் ஈரக்காற்று குறைவு, பார்வைக்குக் குறுக்கே வராது என்பது கணக்கு. சொல்லிக்கொள்கிற அளவு நீராவி இல்லை என்பது முடிவு. இந்தக் குடிலுக்கு முன்கதையாக ஒரு சாவும் இருக்கிறது: 1904 ஜூலையில் உச்சிவரை பாதை போட்டு முடித்த சில நாட்களிலேயே மின்னல் தாக்கி ஒருவர் இறந்தார். இன்றும் குடில் வாசலில், மின்னல் நேரத்தில் உள்ளே ஒதுங்காதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. கூரை தகரம்.

கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் வரிசை வரிசையாகப் பழுப்பு மலைகள். அவற்றுக்குப் பின்னால் மரணப் பள்ளத்தாக்கு. வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே, நேர்கோட்டில் சுமார் 136 கிலோமீட்டரில் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லத் திரும்பினால், நண்பன் குடில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து பாறை மறைவுக்குப் போய் வாந்தியெடுத்தான். தலைவலி எப்போதிலிருந்து என்று கேட்டேன். டிரெயில் முகாமிலிருந்து என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீயும்தான் சொல்லல” என்றான்.

அடுத்த ஏழரை மணி நேரத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. டிரெயில் கிரெஸ்டுக்கு அந்த 150 அடியை ஏற அரை மணி நேரம் பிடித்தது. நாலு எட்டுக்கு ஒருமுறை அவன் கம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான். நான் அவன் பையையும் வாங்கி முன்புறம் மாட்டிக்கொண்டேன். அவனைத் தாண்டிப்போன ஒரு இளம்பெண் நின்று, அவனை நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். பெயர், கிழமை எல்லாம் கேட்டார். தள்ளாட்டம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்ந்தார். நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. வளைவுகளில் இறங்க இறங்க அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஐந்தரைக்கு டிரெயில் முகாம் வந்தபோது கடலைமிட்டாய் கேட்டான்.

அதற்கு மேல் முழங்கால்களின் பாடு. ஏறும்போது நுரையீரல் கேட்கிற கூலியை இறங்கும்போது முட்டி கேட்கிறது. ஏழு மணிக்கு மறுபடி இருட்டு, மறுபடி டார்ச். காலையில் அழகாக இருந்த அதே ஆறடி வட்டம் இப்போது கல்லும் வேருமாக மட்டும் தெரிந்தது. என் டார்ச் எட்டு மணிக்கு மங்கி அணைந்தது. மாற்று பேட்டரி கார் டிக்கியில் இருந்தது. மிச்ச தூரம் அவன் ஒவ்வொரு படிக்கட்டிலும் திரும்பி நின்று எனக்கு வெளிச்சம் காட்டினான். அந்த மரப்பலகைப் பாலத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். ஒன்பதே காலுக்குப் போர்ட்டல். பதினெட்டே கால் மணி நேரம். கொடுத்த பைகளை அதற்கான தொட்டியில் போட்டுவிட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தோம். புளிசாதம் ஐஸாகியிருந்தது, விரலே மடங்கவில்லை. கார் ஹீட்டருக்கு முன்னால் டப்பாவைப் பிடித்துச் சூடாக்கிச் சாப்பிட்டோம். அப்பளம் மட்டும் நொறுங்காமல் இருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், குலுக்கலுக்கு விண்ணப்பிக்க பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை நேரம் உண்டு. முதல் நாள் இரவு விடுதி மெத்தையை மறந்துவிட்டு உயரத்தில் படுங்கள். மாற்று பேட்டரியைப் பையில் வையுங்கள், டிக்கியில் அல்ல. திரும்பும் நேரத்தை எழுதிக் கூட வருகிறவரிடம் கொடுங்கள்; அவர் அந்தத் தாளை எடுத்து நீட்டும்போது, தயவுசெய்து, வானத்தைக் காட்டி வாதாடாதீர்கள்.